இடுப்பில் எழுதிய அக்கி

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் ஒரு வீட்டில் இருமினால் நாலு வீட்டிலிருந்து வெந்நீர் வரும் என்று வெளியாட்களிடம் பெருமையடித்துக்கொள்வோம். வெந்நீர் வருவது நிஜம்தான். கூடவே "இன்னா, டிபியா?" என்ற கேள்வியும் வரும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். பக்கத்து வீட்டில் மீன் வறுத்தால் எந்த மீன் என்பது வரைக்கும் சொல்லிவிடுவோம். அப்படிப்பட்ட சந்தில் ஒரு பெண் தனக்கு வந்த நோயை வருஷக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தாள் என்றால், அவள் எவ்வளவு தனியாகக் கிடந்திருப்பாள் என்று யோசித்துப் பாருங்கள்.

அவள் பெயர் லாவண்யா. அரூர்ப் பக்கம். பிரகாஷைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள். பிரகாஷ் சிட்டி மார்க்கெட்டில் பூ மூட்டை ஏற்றும் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். அதிகம் பேசமாட்டான். அந்த வீட்டுக்கு வேண்டிய பேச்சு மொத்தத்தையும் அவன் அம்மா ஜெயலட்சுமியே பேசிவிடுவாள். மாநகராட்சியில் தெருக் கூட்டுகிறவள். இருட்டோடு எழுந்து, பச்சைக் கோட்டை மாட்டிக்கொண்டு, மஸ்டரிங் இடத்தில் ஆஜர் சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்தாளென்றால், தூங்குமூஞ்சி மரங்கள் நிற்கும் அந்தத் தெருக்கள் முழுக்க அவளுடைய குரல்தான் கேட்கும். காரை எடுக்காதவனுக்குத் திட்டு, குப்பையைப் பிரிக்காமல் கொட்டுகிறவளுக்குத் திட்டு, உதிர்ந்துகொண்டே இருக்கும் மரத்துக்கும் திட்டு. மெதுவாகப் பேசுவது என்பது அவளுக்கு வரவே வராது.

லாவண்யாவுக்குக் கன்னடம் வரவில்லை. கார்மெண்ட்ஸில் அவளுடைய லைனில் முக்கால்வாசி தமிழ்ப் பெண்கள். அதனால் தக்காளி வாங்குகிற அளவுக்கு மேல் அவளுக்குக் கன்னடம் தேவைப்படவும் இல்லை. ரேஷன் கடை, பேங்க், எங்கே போனாலும் மாமியார்தான் அவளுக்கு வாய். உண்டான பிறகு ஆஸ்பத்திரியிலும் அப்படியே. டாக்டர் கேட்ட கேள்வியை லாவண்யா புரிந்துகொள்வதற்குள் ஜெயலட்சுமி பதிலைச் சொல்லி, மேற்கொண்டு ரெண்டு விஷயமும் சேர்த்துச் சொல்லியிருப்பாள். "சாப்பிடறதே இல்ல மேடம். ஊறுகாய நக்கிட்டு எழுந்துடறா." பாசம்தான். பாசத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நோய் வந்தது அவள் உண்டாவதற்கு ஒரு வருஷம் முந்தைய மழைக்காலத்தில். ஒரு காய்ச்சல் அடித்தது. காய்ச்சலோடு, காட்ட முடியாத இடத்தில் நீர்க்கொப்புளங்கள் கிளம்பின. உடைந்து புண்ணாயின. சிறுநீர் போனால் மிளகாய்ப்பொடி தூவினது மாதிரி எரிந்தது. அந்த எரிச்சலுக்குப் பயந்து லாவண்யா தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள். தையல் மெஷினில் குனிந்தபடி காலரை மடித்து மடித்துத் தள்ளிக்கொண்டே இருப்பாள். பாத்ரூம் பக்கம் போகவே மாட்டாள்.

பக்கத்து மெஷினில் கேத்தரின். ஒக்கலிபுரத்துக்காரி. வயது நாற்பதுக்கு மேல், புருஷன் செத்துப்போனவள். அவள்தான் கவனித்தாள்.

"பாட்டில்ல தண்ணி அப்டியே இருக்கு. பாத்ரூமுக்கும் போறதில்ல. இன்னா விஷயம்?"

"ஒன்னுமில்லக்கா."

"ஒன்னுமில்லன்னா கண்ணுல ஏன் தண்ணி? எனக்குத் தெரியும்டி அந்த எரிச்சல். நாளைக்கு லீவு சொல்லு. நான் கூட வரேன்."

பெரியாஸ்பத்திரியின் தோல் பிரிவில் வரிசையில் உட்கார்ந்திருந்தபோது கேத்தரின் தன் கதையைச் சொன்னாள். அவளுக்கும் அதேதான். புருஷன் இருந்த காலத்திலேயே வந்தது. "மொத தடவ வந்தப்ப தண்டவாளத்துப் பக்கம் போயி நின்னேன். ரயிலு லேட்டு. நிக்கிறப்பவே பசி எடுத்துச்சு, வூட்டுக்கு வந்துட்டேன்" என்று சிரித்தாள். லாவண்யாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் உலகத்தில் இன்னொருத்திக்கும் இது இருக்கிறது, அவள் டிபன் டப்பாவில் லெமன் சாதம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்பதே அன்றைக்கு அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

டாக்டர் ரத்தம் எடுத்து, மாத்திரை எழுதினார். நோய்க்கு ஹெர்பிஸ் என்று பெயர் சொன்னார்கள். அங்கே ஆலோசனை சொல்லும் அம்மா தமிழ் பேசினார். இது உயிரைக் குடிக்கிற நோய் இல்லை, ஆனால் முழுசாகப் போகவும் போகாது, நரம்புக்குள் ஒளிந்துகொண்டு உடம்பு அசந்த நேரத்தில் தலையைக் காட்டும், போகப் போகக் குறையும் என்றார். புருஷன் பெண்டாட்டியில் யாருக்கு முதலில் வந்தது என்று சொல்ல முடியாது, ஒருவர் உடம்பில் வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்துவிட்டு வரும் என்றும் சொன்னார். கடைசியாக ஒன்று சொன்னார். "உண்டானா பிரசவம் பாக்கற டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லிடணும். வலி எடுக்கற நேரத்துல புண்ணோ எரிச்சலோ இருந்தா நார்மலா பெத்துக்கக் கூடாது. கொழந்தைக்கு ஒட்டிக்கும். அது ஆபத்து."

அந்தக் கடைசி வார்த்தை மட்டும் லாவண்யாவின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

உண்டானாள். மாதா மாதம் செக்கப். மாதா மாதம் மாமியார் பக்கத்தில். எப்படிச் சொல்வது? யாரிடம் சொல்வது? சொன்னால் முதல் கேள்வி "எவன்கிட்டேர்ந்து?" என்று வரும். பிரகாஷிடம் சொல்லலாமென்று வாயெடுப்பாள். அவன் பூ மூட்டை தூக்கிய களைப்பில் சாப்பிட்டதும் சுருண்டு படுத்துவிடுவான். அவனிடமிருந்துதான் வந்ததா? அவள் வேறு யாரையும் அறியாதவள். அவனைக் கேட்கவும் பயம், கேட்காமலிருக்கவும் எரிச்சல்.

"டாக்டர்கிட்ட சொல்ட்டியா?" என்று கேத்தரின் ஒவ்வொரு செக்கப் முடிந்தும் கேட்பாள்.

"அத்த பக்கத்துலயே இருக்காங்கக்கா."

"இருந்தா இருக்கட்டும். உன் கொழந்தையா, உன் மானமா?"

"ரெண்டுந்தான்க்கா" என்பாள் லாவண்யா.

மாதம் நிறைந்த சமயத்தில், ஒரு சனிக்கிழமை, மறுபடியும் அந்தக் குறுகுறுப்பு தொடங்கியது. புண் இன்னும் வரவில்லை. வருவதற்கு முன்னால் வருமே, அந்த எரிச்சல். லாவண்யா சுவரைப் பிடித்துக்கொண்டு கால் அகட்டி நடந்தாள். அன்றைக்கென்று ஜெயலட்சுமி சீக்கிரம் வந்துவிட்டாள்.

"இன்னாடி நடை இது? வலி எடுக்குதா?"

"இல்லத்த. எரியுது."

"எரியுதா? எங்க?"

லாவண்யா என்ன சொல்வாள்? கை தானாக இடுப்புக்குப் போனது. வாய் தானாகச் சொன்னது: "இங்க. அக்கி மாதிரி இருக்கு."

அக்கி வெட்கப்படுகிற நோயில்லை. சூட்டினால் வருவது, யாருக்கும் வரும், நாலு பேரிடம் தாராளமாகச் சொல்லலாம். அதனால்தான் அந்தப் பெயர் அவள் வாயில் வந்தது. ஆனால் அக்கி என்று சொன்னால் அடுத்து என்ன நடக்கும் என்பதை அவள் மறந்துவிட்டாள். மாத்திரை மருந்தெல்லாம் அப்புறம். முதலில் குயவர் வீட்டுக்குப் போய் அக்கி எழுத வேண்டும். செங்காவியைக் குழைத்து, வந்த இடத்தின்மேல் சிங்கம் வரைந்தால் அக்கி பயந்து இறங்கிவிடும் என்பது கணக்கு. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எழுதுவதற்குத் தோதான நாள். ஜெயலட்சுமி விடுவாளா?

காலையில் பிரகாஷின் லோடு ஆட்டோவில், குயவர்கள் இருக்கும் பாட்டரி டவுனுக்குப் போனார்கள். முன் சீட்டில் இரண்டு பெண்களும் அவனும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பின்னால் நேற்றைய சாமந்தியின் அழுகல் வாசனை. குயவர் வீட்டு முற்றத்தில் ஈரத் தொட்டிகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. மழை வருமோ என்று அந்தப் பெரியவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடுப்புல சாமி. புள்ளத்தாச்சி. பாத்து எழுதுங்க" என்றாள் ஜெயலட்சுமி.

லாவண்யா சேலையை ஒதுக்கிக் காட்டினாள். அங்கே இருந்தது உள்பாவாடை நாடா அழுத்திய தடம். வயிறு பெருத்தால் எல்லோருக்கும் விழுகிற தடம். பெரியவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இப்பத்தான் கெளம்புது. நல்லவேளை. சுத்திக்கிட்டு வந்திருந்தா பேஜாராயிருக்கும்."

காவி சில்லென்று பட்டது. எரிகிற இடம் ஒன்று, சிங்கம் உட்கார்ந்த இடம் வேறொன்று. லாவண்யாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் அழுகை வந்து, நிற்காமல் வந்தது. ஜெயலட்சுமி தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள். "அழாதடி. எறங்கிரும். நான் இருக்கேன் இல்ல?"

அதுதான் லாவண்யாவால் தாங்க முடியவில்லை. ஒரு பொய்க்கு இவ்வளவு பாசம் கொட்டுகிறதே என்றிருந்தது. அன்றைக்கு வீட்டில் பத்தியச் சமையல். எண்ணெய் இல்லை, தாளிப்பு இல்லை, காரம் இல்லை. ஜெயலட்சுமியும் அதையே சாப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கறி இல்லையா என்று பிரகாஷ் தட்டைப் பார்த்தான். "அவ பத்தியம் கெடக்கறப்ப நமக்கு மட்டும் கறி எறங்குமா? சும்னே, பேசாம தின்னு" என்று அவன் வாயை அடைத்தாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் வலி எடுத்தது. நல்ல மழை. ஒக்கலிபுரம் பாலத்துக்கடியில் தண்ணீர் தேங்கி, வண்டிகள் ஊர்ந்தன. பிரகாஷ் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே வந்தான். ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டுக்குள் கூட ஒரு பெண்ணை அனுமதிப்பார்கள். ஜெயலட்சுமி பச்சைக் கோட்டைக் கழற்றி மகனிடம் எறிந்துவிட்டு உள்ளே போனாள்.

டியூட்டியில் இருந்தது ஒரு இளவயது டாக்டரம்மா. அந்த வார்டுக்குப் புதுசு, கன்னடம்தான் பேசினார். லாவண்யாவின் இடுப்பில் காவியைப் பார்த்து இது என்ன என்று கேட்டார். ஜெயலட்சுமி நிமிர்ந்து நின்று பதில் சொன்னாள். அக்கியை இங்கே கன்னடக்காரர்கள் சர்ப்பசுத்து என்பார்கள். சர்ப்பசுத்து மேடம், ஞாயிற்றுக்கிழமையே எழுதியாகிவிட்டது, இறங்கிவிட்டது. டாக்டர் தலையை ஆட்டினார். இடுப்பில்தானே, பரவாயில்லை, பிரசவத்துக்குத் தொந்தரவில்லை. மற்ற இடங்களையும் பரிசோதித்தார். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது, நார்மலாகவே ஆகிவிடும், பனிக்குடத்தை உடைத்துவிடலாம் என்று நர்ஸிடம் சொன்னார்.

லாவண்யாவுக்கு அந்தக் கன்னடம் முழுக்கப் புரியவில்லை. நார்மல் என்ற வார்த்தை புரிந்தது. கீழே எரிந்துகொண்டிருந்தது. அது அவள் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும்.

"அத்த, அவங்கள நிறுத்தச் சொல்லுங்க."

"பயப்படாத. சீக்கிரம் ஆயிடும்."

"அத்த, எனக்கு நார்மல் வேணாம். நான் சொல்றத அப்டியே அவங்ககிட்ட சொல்லுங்க. இடுப்புல ஒன்னுமில்ல."

"அதான் எறங்கிருச்சே."

"எப்பவுமே இல்லத்த. நான் பொய் சொன்னேன். எனக்கு இருக்கறது கீழ. அக்கி இல்ல. ஹெர்பிஸ்னு பேரு. போன வருஷத்துக்கு முந்தின மழையில வந்துச்சு. அப்பப்ப வருது. இப்பவும் எரியுது. இந்த நேரத்துல நார்மலா பொறந்தா கொழந்தைக்கு ஒட்டிக்குமாம். மூளைக்குக்கூடப் போயிடுமாம். ஆபரேஷன் பண்ணச் சொல்லுங்கத்த. உங்க கால்ல விழறேன்."

ஜெயலட்சுமி அவள் கையைப் பிடித்திருந்தாள். பிடி தளர்ந்தது. கீழே என்றால் என்ன, எப்படி வரும் என்பதெல்லாம் தெரியாதவளா அவள்? மனசில் முதலில் எழுந்தது எவன் என்ற கேள்வி. அடுத்தது, என் பிள்ளையா? அதற்கடுத்து, இந்த ஊமைச்சியைப் போய் நம்பினேனே என்ற ஆத்திரம். ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தாளிக்காத சாம்பார் சாப்பிட்டது வேறு நினைவுக்கு வந்து எரிச்சலைக் கிளப்பியது. மனுஷி மனசு, எந்த நேரத்தில் எது வரும் என்று யாருக்குத் தெரியும்?

டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டே, அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று கேட்டார்.

ஜெயலட்சுமி நினைத்திருந்தால் "பயப்படறா மேடம்" என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். குடும்ப மானம் அந்த நிமிஷத்துக்குத் தப்பித்திருக்கும். லாவண்யா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலி வந்து உடம்பை முறுக்கியபோதும் கண்ணை மூடவில்லை.

"தப்பாயித்து மேடம்" என்றாள் ஜெயலட்சுமி. தப்பு நடந்துவிட்டது, நான் சொன்னது சரியில்லை. பிறகு எல்லாவற்றையும் கன்னடத்தில் சொன்னாள். கீழே என்பதைச் சொன்னாள். நோயின் பெயரை லாவண்யாவிடம் இன்னொரு தரம் கேட்டு, திருத்தமாகச் சொன்னாள். எரிகிறது என்பதைச் சொன்னாள். மெல்லப் பேசத் தெரியாதவள் ஆயிற்றே, வார்டில் கிடந்த மற்ற பெண்களும் அவர்களுடைய அம்மாக்களும் வலியை மறந்து திரும்பிப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

டாக்டர் நர்ஸைக் கை காட்டி நிறுத்தினார். கேள்விகள் வந்தன. எப்போதிருந்து? மாத்திரை சாப்பிட்டாளா? எரிச்சல் என்றைக்குத் தொடங்கியது? புருஷனுக்கு இருக்கிறதா? ஒவ்வொன்றையும் ஜெயலட்சுமி தமிழில் கேட்டு, பதிலை வாங்கிக் கன்னடத்தில் கொடுத்தாள். கடைசிக் கேள்வியை மட்டும் மருமகளின் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"தெரியலத்த. நான் கேக்கல" என்றாள் லாவண்யா. "ஆனா அவர தவிர எனக்கு யாரையும் தெரியாது. சத்தியமா."

"அத அவங்க கேக்கல. விடு."

இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை, மாதா மாதம் வந்தாளே என்று டாக்டர் கோபமாகக் கேட்டார். அதை மட்டும் ஜெயலட்சுமி லாவண்யாவிடம் கேட்கவில்லை. தானே பதில் சொன்னாள்.

"அவளை நான் எங்க மேடம் பேச விட்டேன்."

ஸ்ட்ரெச்சர் வந்தது. பனிக்குடம் உடையாமலிருந்தது நல்லதாயிற்று என்று டாக்டர் சொன்னார். ஆபரேஷனில் பெண் குழந்தை பிறந்தது. குழந்தையிடமிருந்து பரிசோதனைக்கு ரத்தம் எடுத்துக்கொண்டார்கள். இப்போதைக்கு நன்றாக இருக்கிறது, சில நாள் வைத்துப் பார்ப்போம் என்றார்கள்.

வராந்தாவில் பிரகாஷ் அம்மாவின் பச்சைக் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "நார்மல்னுதான சொன்னாங்க? ஏம்மா கிழிச்சாங்க?"

ஜெயலட்சுமி பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். வாழ்க்கையிலேயே முதல் தடவையாகச் சின்னக் குரலில் பேசினாள். அவனுக்கு முகம் வெளுத்தது. எதிர்ச் சுவரையே பார்த்தான். கோபப்படவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. பெற்றவளுக்குத் தெரியாதா, அந்த முகத்துக்கு என்ன அர்த்தம் என்று?

"அம்மா, கல்யாணத்துக்கு முன்னால..." என்று ஆரம்பித்தான்.

"என்கிட்ட சொல்லாத. நான் கேக்கவும் இல்ல. சொல்ல வேண்டியது உள்ள இருக்கறவகிட்ட. நாளைக்கே போயி உன் ரத்தத்தக் குடுத்து பாத்துட்டு வா. ரெண்டு வருஷம் ஒருத்தி வாயக் கட்டிக்கிட்டு எரிஞ்சிருக்கா, நாம ரெண்டு பேரும் கூடவே உக்காந்து சோறு தின்னிருக்கோம். அவளப் பாத்து ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி, நீ கேட்டேன்னு வையி, அப்புறம் நான் உனக்கு அம்மா இல்ல."

அவன் கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். ஜெயலட்சுமி அவன் முதுகில் ஒன்று வைத்தாள். அடியா தடவலா என்று அவளுக்கே தெரியாது.

மறுநாள் கேத்தரின் பன்னும் பிளாஸ்கில் பாலும் எடுத்துக்கொண்டு வந்தாள். ஜெயலட்சுமி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனவளா?"

"ஆமாங்கக்கா."

"உனக்கும் இருக்குதாமே?"

கேத்தரின் லாவண்யாவைப் பார்த்தாள். "ஆமாங்க."

"இவளுக்கு மறுபடி வந்தா உனக்கு போன் பண்ணுவேன். இன்னா பண்ணணும்னு சொல்லணும். எனக்கு ஒன்னும் தெரியாது. நான் காவிய எழுதிட்டு வந்தவ." பிளாஸ்கை வாங்கி வைத்துவிட்டு, "உக்காரு, ஏன் நிக்கற?" என்று ஸ்டூலைத் தள்ளினாள்.

லாவண்யா மெதுவாகக் கேட்டாள். "அத்த, நான் முன்னாடியே சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"அடிச்சிருப்பேன்" என்றாள் ஜெயலட்சுமி. "அப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன்."

மூன்று பேருக்கும் சிரிப்பு வந்தது. லாவண்யாவுக்குச் சிரித்தால் தையல் வலித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஆனால் குழந்தையைக் கொண்டுவந்து பக்கத்தில் கிடத்தியபோது அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. கைகளைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். பிறந்ததிலிருந்து அவள் குழந்தையைத் தொடவில்லை என்பதை ஜெயலட்சுமி அப்போதுதான் கவனித்தாள். நர்ஸ்தான் மார்பில் வைத்துப் பிடித்திருக்கிறாள், நர்ஸ்தான் எடுத்திருக்கிறாள்.

"ஏன்டி, தூக்கேன்."

"வேணாம். என் கை... எனக்கு பயமா இருக்கு. இவ்வளவு பண்ணிக் காப்பாத்திட்டு, என் கையாலயே குடுத்துட்டா?"

ஜெயலட்சுமி வெளியே போனாள். டாக்டரம்மாவைப் பிடித்துக் கேட்டாள். திரும்பி வரும்போது ஒரு பேசின், சொம்பில் தண்ணீர், சோப்பு. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மருமகளின் இரண்டு கைகளையும் போர்வைக்குள்ளிருந்து வெளியே இழுத்தாள்.

"சோப்பு போட்டுக் கழுவினா போதுமாம். பால் குடுக்கலாமாம், தூக்கலாமாம், கொஞ்சலாமாம். அம்மா தொடாத புள்ளதான் வீக்காயிடுமாம்."

விரல் விரலாகத் தேய்த்தாள். நகக்கண்ணைத் தேய்த்தாள். காய்த்துப்போன அவளுடைய உள்ளங்கை லாவண்யாவின் கைமேல் சொரசொரவென்று ஓடியது.

"இந்தக் கையால இருபது வருஷமா ஊரு கலீஜயெல்லாம் அள்ளுறேன். இதாலதான் உன் புருஷனுக்குச் சோறு ஊட்டி வளத்தேன். என் கையப் பாத்து மூஞ்ச சுளிச்சவங்க இருக்காங்க. அவன் சுளிக்கல. உன் பொண்ணும் சுளிக்க மாட்டா. புடி."

குழந்தையைத் தூக்கி அவள் கையில் வைத்தாள். லாவண்யா முதலில் கட்டை மாதிரி பிடித்திருந்தாள். அப்புறம் முழங்கை மடங்கியது. குழந்தை வாயால் தேடியது. லாவண்யா குனிந்து அதன் உச்சந்தலையில் உதட்டை வைத்தாள். வைத்ததுதான் தாமதம், ரெண்டு வருஷத்து அழுகை மொத்தமும் சத்தமாக வெடித்தது. கேத்தரின் எழுந்துவந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த கட்டில்காரிகள் திரும்பினார்கள். அவர்களில் யாரோ என்ன ஆச்சு என்று கேட்டார்கள்.

"ஒன்னுமில்ல, அழறா. அழட்டும்" என்று ஜெயலட்சுமி அவர்களுக்குச் சொல்லிவிட்டு, தலையணையை எடுத்து லாவண்யாவின் முதுகுக்கு முட்டுக் கொடுத்தாள். "நல்லா அழு. எவ்வளவு வேணா அழு. புள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டே அழு."